சுழலும் கலர் படமும் சர்ஜனின் சந்தேகமும்

வீட்டில் யாருக்காவது சி.டி. ஸ்கேன் எடுத்தால், ரிப்போர்ட்டுடன் ஒரு காம்பாக்ட் டிஸ்க்கையும் உறையில் போட்டுத் தருவார்கள். இப்போது சில சென்டர்களில் டிஸ்க்குக்குப் பதில் பென் டிரைவ், அல்லது டவுன்லோட் செய்ய ஒரு லிங்க் தருகிறார்கள். (தமிழில் எழுதினால் ஸ்கேனும் சி.டி., தகடும் சி.டி. என்று குழம்பும். ஆகவே இந்தக் கட்டுரையில் தகட்டை டிஸ்க் என்றே குறிப்பிடுகிறேன்.) நம்மிடம்தான் புதுக் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று அதைத் திறந்து பார்த்தால், கறுப்பும் சாம்பலுமாக வட்ட வட்டமாகப் படங்கள் வரும். ஒன்றும் புரியாது.

உடனே ஒரு சந்தேகம் எழும். டிவியில் காட்டும்போது கல்லீரல் பச்சை, நீலம், சிவப்பு என்று கலர் கலராகச் சுழல்கிறதே! அந்த சாஃப்ட்வேர் நம் டாக்டரிடம் இல்லையா? அது இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா?

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதுபவன். ஆனால் இந்தக் கேள்விக்கான பாதி பதில் எங்கள் துறையில்தான் இருக்கிறது. அந்தக் கலர் படம் நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் அது உடம்பின் போட்டோ என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்கேன் தந்த எண்களை வைத்துக் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அது. அனுபவமுள்ள சர்ஜன் அதைக் கணக்காகவே எடுத்துக்கொண்டு, சரிபார்த்த பிறகே பயன்படுத்துகிறார். ஆகவே சாஃப்ட்வேர் எவ்வளவு அழகாகச் சுழற்றுகிறது என்று பார்ப்பதை விட, எவ்வளவு எளிதாகச் சரிபார்க்க விடுகிறது என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல். இதுதான் என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிஸ்க்கில் இருப்பது என்ன?

சி.டி. ஸ்கேனர் உடம்பைப் பிரெட் துண்டுகள் போலக் குறுக்கு வாட்டில் வெட்டிக் காட்டுகிறது. இதை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இங்கிலாந்து என்ஜினியர். நம் ஊரில் எச்.எம்.வி. இசைத்தட்டுகளால் பழக்கமான ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளிக்கு இந்த முறையில் தலையை ஸ்கேன் செய்தார்கள். அன்றைய படத்தில் 80க்கு 80 புள்ளிகள்தான். 1979இல் ஆலன் கார்மக் என்பவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று ஒரு ஸ்லைஸ் பொதுவாக 512க்கு 512 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பைட். கணக்குப் போட்டால் ஒரு ஸ்லைஸ் அரை எம்பி. வயிற்றுப் பகுதியை 500 ஸ்லைஸாக எடுத்தால் 250 எம்பி. அதனால்தான் எல்லாம் ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடுகிறது. இந்தப் பைல்களின் பொதுவான அமைப்புக்கு டைகாம் என்று பெயர். 1985இல் வேறு பெயரில் தொடங்கிய இந்தத் தர நிர்ணயம் 1993இல் டைகாம் ஆனது. எந்தக் கம்பெனி ஸ்கேனர் எடுத்த படத்தையும் வேறொரு கம்பெனி சாஃப்ட்வேரில் திறக்க முடிவது இதனால்தான்.

ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது நிறம் அல்ல, ஓர் எண். அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கல்லீரல் சுமார் 60, கெட்டியான எலும்பு 1000ஐயும் தாண்டும். இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் முதல் சிக்கல். ஸ்கேன் தரும் எண்கள் சுமார் 4000 வகை. சாதாரண மானிட்டர் காட்டும் சாம்பல் நிறமோ 256 படிகள்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்ட முடியாது. எந்த எண் முதல் எந்த எண் வரை காட்டுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு விண்டோ என்று பெயர் (மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). எலும்புக்கான விண்டோவில் நுரையீரலின் நுணுக்கம் தெரியாது. நுரையீரலுக்கான விண்டோவில் எலும்பு வெறும் வெள்ளையாகிவிடும். டேட்டா ஒன்றுதான். பார்ப்பவரின் தேர்வுக்கேற்ப படம் மாறுகிறது. சாதாரண கறுப்பு வெள்ளை ஸ்லைஸிலேயே இந்தக் கதை என்றால், முப்பரிமாணப் படத்தில் இன்னும் எத்தனை தேர்வுகள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இல்லாத ஓட்டை

துண்டுகளை அடுக்கி முழு உருவம் செய்வதற்கு இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதலாவது, ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணின் எல்லை செல்லும் இடமெல்லாம் ஒரு தோல் போர்த்துவது. 1987இல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வில்லியம் லாரன்சன், ஹார்வி க்ளைன் இருவரும் இதற்கு 'மார்ச்சிங் க்யூப்ஸ்' என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் படித்த எவரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறமும் கண்ணாடி போன்ற ஊடுருவும் தன்மையும் கொடுத்து, உள்ளே பார்க்கும்படி செய்வது. இதற்கு வால்யூம் ரெண்டரிங் என்று பெயர். 1980களின் கடைசியில் இது பரவியது.

இரண்டிலும் யாரோ ஒருவர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 200 என்று வைத்தால் எலும்பு ஒரு மாதிரி தெரியும். 300 என்று வைத்தால் மெலிந்து தெரியும்.

கண்குழியின் அடிப்பகுதியில் உள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. ஸ்கேனரின் ஒரு புள்ளிக்குள் அந்த மெல்லிய எலும்பும், கீழே உள்ள காற்றும், மேலே உள்ள கொழுப்பும் சேர்ந்து அடங்கிவிடும். கிடைப்பது இவற்றின் சராசரி எண். அது நாம் வைத்த எண்ணை விடக் குறைவாக இருப்பதால், கம்ப்யூட்டர் அங்கே எலும்பு இல்லை என்று முடிவு செய்கிறது. படத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது! நிஜத்தில் எலும்பு முழுசாக இருக்கிறது. முகத்தில் அடிபட்டு வந்தவரின் படத்தில் இந்த ஓட்டையைப் பார்த்தால், எலும்பு உடைந்திருக்கிறது என்று தோன்றாதா? ரேடியாலஜிஸ்ட்டுகளுக்கு இந்தப் பொய் ஓட்டை பழகிய விஷயம். உடனே ஸ்லைஸுக்குத் திரும்பி, உடைந்த விளிம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். படம் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று சாஃப்ட்வேரில் ஒரு பட்டனை அழுத்தினால், சொரசொரப்புடன் சேர்ந்து நிஜமாகவே இருக்கும் சின்னஞ்சிறு விரிசலும் மறைந்து போகலாம். அழகு கூடியது, தகவல் குறைந்தது.

கல்லீரலும் வயல் வரப்பும்

இந்த வகை சாஃப்ட்வேர் மிகவும் தேவைப்படும் ஆபரேஷன்களில் ஒன்று, உயிரோடு இருப்பவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்ற சர்ஜன் ஒரு தாயின் கல்லீரல் பகுதியைக் குழந்தைக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இந்தியாவில் 1998இல் டெல்லியில் நடந்தது. இரண்டு வயது கூட நிரம்பாத தமிழகக் குழந்தைக்குத் தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்தார்.

குழந்தைக்குச் சிறு பகுதி போதும். பெரியவருக்குப் பெரும்பாலும் வலது பக்கத்தையே எடுக்க வேண்டும். அது மொத்தத்தில் 60 சதவீதத்துக்கும் மேல். கொடுப்பவரோ எந்த நோயும் இல்லாமல் தானாக வந்து மேஜையில் படுப்பவர். அவருக்கு மிச்சம் இருப்பது சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விடக் கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. பெறுபவருக்கும் ஒரு கணக்கு உண்டு: அவரது எடையில் சுமார் 0.8 சதவீதமாவது கிடைக்க வேண்டும். 60 கிலோ எடை என்றால் 480 கிராம். இரண்டு பக்கமும் தட்டு சமமாக நிற்க வேண்டிய தராசு இது.

எடை மட்டும் போதாது. கல்லீரலை ஒரு வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். குடலிலிருந்து ரத்தம் கொண்டு வரும் போர்ட்டல் வெயின்தான் பாசன வாய்க்கால். அது கிளை கிளையாகப் பிரிந்து பாத்திகளுக்குப் பாய்கிறது. ரத்தம் வெளியேற மூன்று பெரிய வடிகால்கள் உண்டு. இவற்றில் நடு வடிகால் சரியாக வலது பாதிக்கும் இடது பாதிக்கும் இடையில் ஓடி, இரண்டு பக்கத்து ரத்தத்தையும் வடிக்கிறது. வெட்டும்போது அதை யாருக்குக் கொடுப்பது? ஒரு பக்கம் கொடுத்தால், மறு பக்கத்தில் சில பாத்திகளில் ரத்தம் வடியாமல் தேங்கலாம். தேங்கிய பகுதி எடையில் சேரும், வேலைக்கு உதவாது.

இந்தக் கணக்கில் கம்ப்யூட்டரை முன்னோடியாகப் பயன்படுத்தியவர்களில் ஒரு குழு ஜெர்மனியின் பிரேமன் நகரில் இருக்கிறது. ஃப்ராக்டல் படங்களைப் பற்றி எழுதிப் புகழ் பெற்ற கணித மேதை ஹைன்ஸ்-ஓட்டோ பைட்கன் 1995இல் தொடங்கிய மெவிஸ் மையம் அது. ரத்தக் குழாய்களின் கிளைகளை ஸ்கேனிலிருந்து பிரித்தெடுத்து, எந்தக் கிளை எந்தப் பகுதிக்கு என்று நிறம் பிரித்துக் காட்டும் முறைகளை உருவாக்கினார்கள். டிவியில் நாம் பார்க்கும் பச்சை, நீலக் கல்லீரல் இந்த வகைதான்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். பாத்திகளுக்கு இடையே உள்ள வரப்பு ஸ்கேனில் தெரியவே தெரியாது! கல்லீரல் முழுவதும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம்தான். வாய்க்கால் மட்டும் தெரிகிறது. எளிய முறை ஒன்றில், ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதற்கு மிக அருகில் உள்ள வாய்க்கால் எது என்று பார்த்து, அதன் நிறத்தைப் பூசிவிடுகிறது சாஃப்ட்வேர். ஆகப் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் கத்தியால் கீறியது போலத் தெரிகிற கோடு யாரும் பார்த்த கோடு அல்ல. நியாயமான ஊகம். ஊகம் என்பதால் தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் ஊகம் என்று தெரிந்துதான் பயன்படுத்த வேண்டும்.

கோடு சற்றுத் தள்ளிப்போனால் என்ன ஆகும்? ஒரு மாதிரிக் கணக்கு. கொடுப்பவரின் கல்லீரல் 1200 மில்லி, மிச்சம் 408 மில்லி, அதாவது 34 சதவீதம் என்று சாஃப்ட்வேர் சொல்கிறது. வெட்டும் பரப்பு 80 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் 40 மில்லி மாறும். மிச்சம் 368 மில்லி, அதாவது 30.7 சதவீதம். அரை சென்டிமீட்டரில் ஒருவர் எச்சரிக்கைக் கோட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டார்.

டாக்டர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் ஸ்லைஸிலேயே வேலையை முடித்துவிடுவார். மவுஸ் சக்கரத்தை உருட்டி மேலும் கீழும் போய்வரும்போது, அவர் மனதிலேயே உருவம் எழுந்துவிடும். சர்ஜனின் தேவை வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு, அதை எந்தப் பக்கமிருந்து எப்படி அணுகுவது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். குழாய் வழக்கத்துக்கு மாறாகப் பிரிகிறதா, கட்டிக்கும் குழாய்க்கும் இடையே எவ்வளவு இடைவெளி, இங்கே வெட்டினால் என்ன மிச்சம் என்ற குறிப்பான கேள்விகளுக்கு முப்பரிமாணப் படம் நன்றாக உதவுகிறது. குழுவில் மயக்க மருந்து டாக்டர், ஜூனியர் டாக்டர், நோயாளியின் குடும்பம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளக்கவும் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் ஆபரேஷன் மேஜையில் நிலைமை மாறிவிடுகிறது. ஸ்கேன் எடுக்கும்போது மூச்சை அடக்கிப் படுத்திருந்தார். இப்போது வயிறு திறந்திருக்கிறது. கல்லீரலைச் சுற்றியுள்ள பிடிப்புகளை விடுவித்து, தூக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். மெத்தென்ற உறுப்பு; வடிவமே மாறிவிடும். ஸ்கிரீனில் இருப்பதோ பழைய வடிவம். அதனால்தான் சர்ஜன் அங்கேயே அல்ட்ராசவுண்ட் கருவியைக் கல்லீரலின் மேல் வைத்து, குழாய் இப்போது எங்கே ஓடுகிறது என்று மறுபடி பார்க்கிறார். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பக்கத்துக்குச் செல்லும் ரத்தத்தைத் தற்காலிகமாக நிறுத்தினால், அந்தப் பக்கம் நிறம் மங்கும். மங்கிய பகுதியின் ஓரம்தான் நிஜமான வரப்பு. கம்ப்யூட்டர் போட்ட கோடு அதனுடன் பொருந்துகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

ஆகப் படம் ஒரு வரைபடம். பயணத்துக்கு முன் அவசியம் பார்க்க வேண்டியது. ஆனால் வண்டி ஓட்டும்போது கண் சாலையில் இருக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்குச் சில வார்த்தைகள்

சாஃப்ட்வேர் துறையில் டெமோ என்றாலே பளபளப்புக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். நிழல், வெளிச்சம், பளிங்கு போன்ற மேற்பரப்பு எல்லாம் சேர்ந்தால் பார்ப்பவர் அசந்துபோவார். இன்று படத்தைப் பிரிக்கும் வேலையையும் செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் செய்துவிடுகிறது. வேகம் கூடக் கூட, சரிபார்க்கும் வசதியும் கூட வேண்டும் என்பேன். நான் கேட்பது நான்கு விஷயங்கள்:

1. முப்பரிமாணப் படத்தில் எந்த இடத்தில் கிளிக் செய்தாலும், அதே இடத்தின் ஸ்லைஸ் பக்கத்தில் வர வேண்டும். நல்ல புரோகிராம்களில் இது இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்.

2. 408.37 மில்லி என்று இரண்டு தசமம் காட்டுவதை விட்டுவிட்டு, எல்லை கொஞ்சம் நகர்ந்தால் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை மாறும் என்று காட்ட வேண்டும்.

3. ஸ்கேனில் தெரிந்த எல்லையை அழுத்தமான கோடாகவும், கணக்கில் வந்த எல்லையைப் புள்ளிக் கோடாகவும் வரைய வேண்டும். நில அளவை வரைபடத்தில் கூட இந்த நேர்மை உண்டு.

4. வழவழப்பாக்கியிருந்தால் அதைப் படத்தின் மேலேயே எழுதிக்காட்ட வேண்டும்.

"இவ்வளவு சந்தேகத்தைக் காட்டினால் டாக்டர் குழம்பிவிட மாட்டாரா?" என்று கேட்பவர்கள் உண்டு. சந்தேகத்தை மறைப்பதால் அது இல்லாமல் போவதில்லை. ஆபரேஷன் மேஜையில் வந்து நிற்கும். உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும்போதே தெரிவது நல்லதல்லவா?

நீங்களே செய்து பாருங்கள்

இதையெல்லாம் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். '3டி ஸ்லைசர்' என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனையும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 1998இல் தொடங்கிய திட்டம். இது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். பிரேசில் நாட்டின் அரசு ஆராய்ச்சி மையம் 2001இல் தொடங்கிய 'இன்வெசாலியஸ்' என்ற இலவசப் புரோகிராமும் உண்டு. ஸ்லைசருக்கு 8 ஜிபி ராம் இருந்தால் வசதி.

உங்களிடம் ஸ்கேன் டிஸ்க் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஸ்லைசரில் 'சாம்பிள் டேட்டா' என்ற பகுதியில் மார்பு சி.டி. ஸ்கேன் கிடைக்கும். அதை டவுன்லோட் செய்து, 'வால்யூம் ரெண்டரிங்' பகுதிக்குச் சென்று, பெயருக்கு அருகில் உள்ள கண் படத்தில் கிளிக் செய்திடுங்கள். பிரீசெட் பட்டியலில் எலும்புக்கானதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'ஷிஃப்ட்' என்ற நகர்த்தியை மவுஸால் மெதுவாக இழுங்கள். விலா எலும்புகள் தடிக்கும், மெலியும், சில இடங்களில் ஓட்டை விழும், கடைசியில் மறைந்தே போகும். ஒரே மனிதர், ஒரே ஸ்கேன். நீங்கள் இழுத்தது ஓர் எண்ணை மட்டும்தான். இந்த ஐந்து நிமிட விளையாட்டு, இந்தக் கட்டுரை முழுவதையும் விட நன்றாகப் புரியவைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். டைகாம் பைலின் உள்ளே பெரும்பாலும் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, ஆஸ்பத்திரி எண் எல்லாம் பதிந்திருக்கும். முன்பின் தெரியாத வெப்சைட்டில் அப்லோட் செய்யாதீர்கள். நண்பர்களுக்கும் அப்படியே அனுப்பாதீர்கள். அடுத்து, வீட்டில் படத்தைப் பார்த்து நீங்களே நோயை முடிவு செய்யாதீர்கள். இல்லாத ஓட்டை உங்களுக்கும் தெரியும், மறக்க வேண்டாம்.

அந்த டிஸ்க்கை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கும்போது, பிரிண்ட் எடுத்த கலர் படத்தை விட அதுவே அவருக்கு உதவும். மூலத்திலிருந்து அவர் புதிதாகப் பார்த்துக்கொள்வார்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் உங்களை அழைத்துச் சுழலும் படத்தைக் காட்டினால், தயங்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இதில் ஸ்கேனில் தெரிந்தது எது, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது எது?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸ்கிரீனைத் திருப்பி, அந்தச் சாம்பல் நிற ஸ்லைஸைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டுவார். அப்படிக் காட்டுகிற டாக்டரிடம் ஸ்கிரீன் கறுப்பு வெள்ளையாகவே இருந்தாலும் நம்பிப் போகலாம்.